மூலைத் துண்டு

அடுப்பே வேண்டாம் என்று
கோக்கோ டப்பாவின் முதுகில் எழுதியிருந்தது.
அதை வேலூரில், மே மாதத்தில்
சத்தம் போட்டு வாசித்துவிட்டு
தம்பி அருமைராஜ் சிரித்தான்:
"ஊரே அடுப்பு. அப்புறம் இன்னாத்துக்கு?"

வெண்ணெயைக் கிண்ணத்தில் போட்டு
மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தோம்.
காக்காவுக்கு ஒரு ஆள் காவல்.
கால்மணி நேரத்தில்
மஞ்சளாகத் தளர்ந்து படுத்துவிட்டது.

முழு பிஸ்கட்டு வாங்கக் காசில்லை.
லாங் பஜாரில் மஸ்தான் பாய் கடையில்
உடைந்ததெல்லாம் ஒரு தகர டின்னில் கிடக்கும்,
கிலோக் கணக்கில்.
எடை போடுமுன் டின்னை ஒரு குலுக்குக் குலுக்குவார்.
அதுவரை தப்பியிருந்த ரெண்டு மூணும்
அதோடு சரி.
மேரி, தேங்காய், கிரீம் கழன்ற ஏதோ ஒன்று.
கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டுக்குள் போட்டு
சப்பாத்திக் கட்டையால் அருமைராஜ் அடிக்க,
நான் சர்க்கரையும் கோக்கோவும் பிசைய,
கை முழங்கை வரை தோல் ஷாப்பு நிறம்.

சதுரத் தட்டில் அழுத்தி
டம்ளர் அடியால் சமன் செய்து
மாடிக்குக் கொண்டுபோவோம்.
கொசப்பேட்டையில் எங்கள் சந்துக்கு
ஒரே ஃபிரிஜ், சுகுணாபாய் டீச்சருடையது.
வீடும் அவருடையது.
தட்டுக்கு மூடி வேண்டும்.
கரண்ட் போனால் கதவைத் திறக்கக் கூடாது.
விடியும்வரை படியேறக் கூடாது.

காலையில் தட்டு வரும்.
வலது மூலை வராது.
ஸ்கேல் வைத்து வெட்டினது மாதிரி
அத்தனை நேராக ஒரு பள்ளம்.
கணக்கு டீச்சர்.
நாங்கள் அம்மாவைப் பார்ப்போம்.
"வாடகை" என்பாள் அம்மா.

அப்பா ராணிப்பேட்டையில்
குரோம் டிரம் பக்கத்தில் பதினாறு வருஷம் நின்றவர்.
மூக்கு எப்போது போனதென்று அவருக்கே தெரியாது.
மல்லிகையும் சுண்ணாம்புத் தொட்டியும்
அவருக்கு ஒரே தெரு.
துண்டை வாயில் போட்டுக்கொண்டு
"ஜில்லுனு கீது" என்பார்.
ஒவ்வொரு தடவையும் அதுதான், அவ்வளவுதான்.
"அதுக்கு ஐஸ்கட்டி போதுமே"
என்று முனகிய அருமைராஜின் தொடையில்
அம்மா கிள்ளியது
ரெண்டு நாள் சிவந்திருந்தது.

லீவு முடிய ஒரு வாரம்.
மூலை இருந்த பள்ளத்தில்
நாலாக மடித்த சீட்டு ஒன்று.
கோடு போட்ட தாள், சிவப்பு மை:
உப்பு இல்லை.
ஒரு சிட்டிகை சேர்க்கவும்.
திரும்பச் செய்து காட்டவும்.

செய்தோம்.
கல்லுப்பைக் கரண்டி முதுகால் நுணுக்கி
வெண்ணெயோடு கலந்து.

அப்பா வாயில் போட்டார்.
ஜில்லுனு, என்று தொடங்கியவர் நிறுத்தினார்.
நாக்கு கன்னத்துக்குள் சுற்றிவருவது
வெளியே தெரிந்தது.
"இன்னாமோ கீது இதுல."
என்னப்பா?
"தெர்ல. ஆனா கீது."
இன்னொன்று எடுத்தார்.

அன்றைக்குத் தட்டில்
ரெண்டு மூலை குறைந்திருந்ததை
நாங்கள் யாரும் வாடகை என்று சொல்லவில்லை.

இப்போது அந்த வீடு ஸ்கேன் சென்டர்.
ஃபிரிஜ் இருந்த இடத்தில்
டோக்கன் கொடுக்கும் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.
நான் சத்துவாச்சாரியில்.
என் மகள் பெர்சிஸ்
முழு பிஸ்கட்டுகளைப் பிரித்து
ஒவ்வொன்றாக உடைக்கிறாள்.
பார்க்க எனக்கு ஏனோ கூச்சமாக இருக்கிறது.
வெண்ணெய் மைக்ரோவேவில்
முப்பது செகண்டில் உருகிவிடுகிறது,
காவலுக்கு ஆள் வேண்டாம்.
"காலைலதான் எடுக்கணும், யாரும் தொடாதீங்க"
என்று போய்ப் படுத்துவிட்டாள்.

ராத்திரி பன்னிரண்டரைக்கு
ஃபிரிஜ் வெளிச்சத்தில் நின்று
வலது மூலையை வெட்டினேன்.
கை நேராக வரவில்லை.
நின்றபடியே தின்றேன்.
சிவப்புப் பேனாவைத் தேடி
ரெண்டு டிராயரைத் திறந்தேன்.

உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்.
அப்பாவாக இருந்தால்
இன்னொன்று எடுத்திருப்பார்.
டிராயரை மூடிவிட்டு
நானும் எடுத்தேன்.