கொக்கியின் மேல் எடை

விற்றவர் படகைத் தட்டிக்காட்டினார்,
பூசணிக்காய் விற்பவரைப் போல.
"டிரெய்லரோடு சேர்த்து ஆயிரத்து நானூறு கிலோ.
உன் வண்டி இழுக்கும்."
எதுவினா மன்சிலா படகைப் பார்த்தாள்,
பிறகு தன் சின்ன பிக்கப்பை.
ஆலையில் ஒன்பது வருடம்
சால்மன் முள் பிடுங்கிச் சேர்த்த பணம்
அவர் சட்டைப்பைக்குள் போகும்போது
சத்தமே போடவில்லை.

ஆயிரத்து ஐநூறு வரை இழுக்கலாம் என்கிறது கையேடு.
கையேடு எழுதியவன்
கல்புகோ மேட்டை மழையில் பார்த்தவனில்லை.
தொட்டியில் பாதி பெட்ரோல் இருப்பதையும்
தரைப்பலகைக்கு அடியில் ஊறிய பஞ்சு
போன குளிர்காலம் முழுவதையும் குடித்து வைத்திருப்பதையும்
விற்றவரும் சொல்லவில்லை,
படகும் சொல்லவில்லை.

சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினாள்.
விளக்குக் கம்பியைச் செருகினாள். இடது விளக்கு எரிந்தது.
வலதை ஓங்கித் தட்டினாள், அதுவும் எரிந்தது.

ஏற்றத்தில் பயமில்லை.
இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போகலாம்,
லாரிக்காரர்கள் ஹாரனால் திட்டிவிட்டுக் கடப்பார்கள்,
அவ்வளவுதான்.
இறக்கத்தில்தான் தெரியும்
யார் யாரை ஓட்டுகிறார்கள் என்று.

வால் முதலில்
நாய்க்குட்டியின் வால்போல ஆடியது.
பிறகு முதலையின் வால்போல.
இடப்பக்கக் கண்ணாடியில் படகு எட்டிப்பார்த்தது,
மறுகணம் வலப்பக்கக் கண்ணாடியில்.
பிரேக்கைத் தொடாதே என்று
யாரோ எப்போதோ சொன்னது
மூளைக்கு மறந்திருந்தது, காலுக்கு மறக்கவில்லை.
ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாள்,
கடன்காரன் முன் முகத்தை வைத்துக்கொள்வதுபோல.
ஆட்டம் தானாக அலுத்து நின்றது.

ஓரம் கட்டி இறங்கியபோது முழங்கால் அவளுடையதாக இல்லை.
பிக்கப்பின் பின்புறம்
கொஞ்சமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.
நிமிர்ந்து நின்றது.
படகின் பின்விளிம்பில் தொங்கும் எஞ்சின்
எடையையெல்லாம் தன்பக்கம் இழுத்து வைத்திருந்தது.

பால் கேன்களோடு வந்த அர்செனியோ
ஒன்றும் கேட்காமல் சைக்கிளைச் சாய்த்தார்.
இருவருமாக எஞ்சினைக் கழற்றி
பிக்கப்பின் தொட்டிக்குள் கிடத்தினார்கள்.
நங்கூரத்தையும் கயிற்றுச் சுருளையும்
படகின் மூக்குக்கு நகர்த்தினார்கள்.
மொத்தத்தில் ஒரு கிலோ குறையவில்லை.
கொக்கி இரண்டு விரற்கடை தணிந்தது.
அர்செனியோ கையைத் துடைத்துக்கொண்டு
"இப்போ கூட வரும்" என்றார்.

பர்குவாவில் ஃபெர்ரிக்காரன்
வண்டியை மீட்டர் கணக்கில் அளந்தான்.
படகின் மூக்குக்கும் காசு, வாலுக்கும் காசு.
ஓடம் வண்டியில் ஏறியாயிற்று,
இப்போது வண்டி ஓடத்தில் ஏறியது.
ஒருநாள் அதுவும் ஒருநாள் இதுவும் என்பார்கள்.
இங்கே இரண்டும் ஒரே மதியத்தில்.
இரும்புத் தளத்துக்குக் கீழே கடல்,
மேலே, கடலைத் தொடாமல்
கடலைக் கடந்துகொண்டிருந்தது அவள் படகு.
கடல்சிங்கம் ஒன்று தலைதூக்கி
இதென்ன கூத்து என்பதுபோல் பார்த்துவிட்டு முங்கியது.

சகாவோவில் நீர் வற்றியிருந்தது.
சரிவு செங்குத்து, மேலே பச்சைப் பாசி.
பின்சக்கரங்கள் சுற்றின, சுற்றின.
ரப்பர் வாசனை வந்தது. வண்டி வரவில்லை.
பின்னால் இரண்டு பேருந்துகளும் ஒரு சவ ஊர்தியும்.
ஃபெர்ரிக்காரன் கத்தினான், அவளைப் பார்த்தல்ல,
நடந்து இறங்கியவர்களைப் பார்த்து:
"தொட்டியில ஏறுங்க! நாலு பேர் ஏறுங்க!"

உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒருவர்,
பிறந்தநாள் கேக் பெட்டியோடு ஒரு பெண்,
ஒரே குடைக்குள் இரண்டு ஆசிரியர்கள்.
எடைக்குப் பயந்து பயந்து வந்தவள்
எடைக்காகக் காத்திருந்தாள்.
வண்டி குந்தியது. சக்கரம் பாசிக்கடியில்
காங்கிரீட்டைக் கண்டுபிடித்தது.
அங்குலம், அங்குலம், பிறகு ஒரே தாவல்.

மேலே வந்து நிறுத்தினாள், அவர்கள் இறங்கட்டுமென்று.
மழை வலுத்தது.
யாரும் இறங்கவில்லை.
கேக்காரி கூரையை இரண்டு முறை தட்டினாள்.
எஞ்சின்மேல் சாய்ந்தபடி மூட்டைக்காரர் கேட்டார்,
"அன்குட் வழியாத்தானே?"
அவள் கியரை மாற்றினாள்.
கண்ணாடியில் ஒரு குடை,
குடைக்கு மேலே
படகு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.