லைன் கிளியர்

கம்பியைத் தொடும் முன்
லைன் கிளியர் வாங்க வேண்டும்.
சப்ஸ்டேஷனில் பிரேக்கரைத் திறந்து
நோட்டில் நேரம் எழுதி, என் பெயரும் எழுதி
"சரி, ஏறுங்க" என்று ஒரு குரல் வர வேண்டும்.
குரல் வரும் முன் ஏறியவர்கள்
அலுவலகச் சுவரில் போட்டோவாக இருக்கிறார்கள்.

இருபத்தாறு வருடம் ஏறினேன்.
தேவனாம்பட்டினம் பக்கம்
உப்புக்காற்று பீங்கான் இன்சுலேட்டரில் படிந்து
பனி ராத்திரிகளில் நீலமாய்ப் பொறி பறக்கும்.
பார்க்க அழகாகத்தான் இருக்கும்,
வேலை நம்முடையதாக இல்லாதவரை.

தானே என்று ஒரு புயலுக்குப் பெயர்.
வந்தது, தானே வந்தது.
தானே போகவில்லை.
முந்திரித் தோப்புகளில் சாய்ந்த கம்பங்களை
இருபது நாள் தோளில் சுமந்ததில்
இடுப்புக்கு மேலே எங்கோ தங்கிவிட்டது.

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த எலும்பு டாக்டர்
சீட்டின் பின்னால் எழுதினார்:
யோகா, மாடி, அறை பதினொன்று.
தலைகீழாய் நிற்கச் சொல்வார்கள் என்று பயந்து போனேன்.
டாக்டர் ரெஜினா
ஒரு இரும்பு நாற்காலி, இரண்டு ஆஸ்பத்திரிக் கம்பளி,
சுருட்டிக் கட்டிய பெட்ஷீட் கொடுத்து
"ஒண்ணும் செய்யாதீங்க" என்றார்.
எனக்கு அது தெரியவில்லை.

பக்கத்துப் பாயில் தனபாக்கியம்,
முதுநகரில் மீன் ஏலம் கூவுகிறவர்,
படுத்த மூன்றாம் நிமிடம் குறட்டை.
டாக்டர் எழுப்பவில்லை.
மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தார்.
பொறாமையாக இருந்தது.

கடைசியில் சவாசனம்.
மல்லாந்து, கால் அகட்டி,
உள்ளங்கை மேல் பார்க்க.

எழுந்துவிட்டேன்.
காரைக்காட்டு ரோட்டில் பாவாடைராயன்
இப்படித்தான் கிடந்தான்,
ஜல்லி மேல், உள்ளங்கை மேல் பார்க்க.
லைன் ஆஃப்தான். நோட்டில் நேரம்கூட இருந்தது.
ஏதோ கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர்
பின்வழியாக ஏறி வந்திருந்தது.

டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை.
"பேரு பிடிக்கலை மேடம்."
"பேரை விடுங்க."
சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.
முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை,
அணைத்துக்கொள்ள ஒன்று,
கழுத்திலிருந்து பாதம்வரை கம்பளி.
இடுப்பெலும்பின் மேல் ஒரு மணல் பை,
கெடிலத்து மணலாம், இரண்டு கிலோ இருக்கும்.

அந்தப் பாரத்தில்தான் புரிந்தது.
லைனை அணைத்தால் போதாது.
கம்பியில் மிச்சம் இருக்கும்,
நினைக்காத வழியில் ஏதாவது வரும்.
எர்த் ராடை மாட்டி
மறுமுனையை ஈர மண்ணில் அடித்து
இருப்பதையெல்லாம் கீழே அனுப்பிய பிறகே கை வைக்கணும்.
புதுசாக வருகிற பையன்களுக்கு
நானே சொல்லிக்கொடுப்பது இது.
என் பங்குக்கு
பல்லைக் கடித்துக்கொண்டே தூங்குகிறேன் என்பாள் மனைவி.
அத்தனை ராத்திரியும் வெறும் ஸ்விட்ச் ஆஃப்.

முதலில் கெண்டைக்கால் துடித்தது.
பிறகு தாடை.
வெகுநேரம் கழித்து, காரணமே இல்லாமல், வலது கட்டைவிரல்.
அழவில்லை. மூக்கு ஒழுகியது,
கம்பளித் தூசி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன்.
போனை அணைத்து செருப்புப் பக்கத்தில் வைக்கிறேன்.
மல்லாந்து படுப்பதில்லை இன்னும்.
டாக்டர் கேட்பதுமில்லை.

போன வாரம் ஐப்பசி மழை.
பாதி வகுப்பில் மின்விசிறி நின்றது.
தனபாக்கியம் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"லைன்மேன் அண்ணே, கரண்ட் எப்ப வரும்?"
கீழே ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் உறுமிப் பிடித்தது.
என் தோள் ஒருமுறை இழுத்தது.
விட்டது.

வரும்.
இன்று என் ஷிப்ட் இல்லை.
எங்கோ ஒரு பையன் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருப்பான்.
ராடை மாட்ட மறந்துவிடாதே என்று
மனசுக்குள் ஒருதரம் சொல்லிவிட்டு
மணல் பையை
இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டேன்.