லாபம், ரெண்டு, மூணு

ஃப்ளெக்ஸ் கடையில் என் பெயரை
உமையால் என்று அடித்துவிட்டார்கள்.
மாற்ற நானூறு ரூபாய் ஆகும் என்றான் பையன்.
"இப்படியும் அர்த்தம் வருதே, டாக்டர்."
வருகிறதுதான்.
சுருட்டி ஸ்கூட்டர் காலடியில் வைத்து
காரைக்குடியிலிருந்து புதுவயலுக்குக் கொண்டுவந்தேன்.

போன மாதம்வரை இது செல்போன் கடை.
அலமாரிக் கண்ணாடியில் சிம் கார்டு ஸ்டிக்கர்,
ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தும் பாதிதான் போனது.
திறந்த அன்று முதலில் வந்தவர்
என் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே
ரீசார்ஜ் கேட்டார்.
அடுத்து ஸ்கேன் சென்டர்க்காரர்.
இனிப்பு டப்பா, அடியில் ஒரு கவர்.
"எல்லாரும் வாங்குறதுதான்."
இனிப்பை வைத்துக்கொண்டு கவரைத் திருப்பினேன்.
அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.
காலண்டரில் அடுத்த மாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

மதுரையில் மூன்று வருடம்
தலைக்கு மேல் எப்போதும் யாராவது இருந்தார்கள்.
ராத்திரி இரண்டு மணிக்குத்
திட்டு வாங்கவாவது ஒரு நம்பர் இருந்தது.
இங்கே தலைக்கு மேல்
செல்போன் கடைக்காரர் விட்டுப்போன மின்விசிறி.
மூன்றில் வைத்தால் முனகுகிறது.

பதினொன்றரைக்கு ஆரோக்கியமேரி
டோக்கன் ஒன்று என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.
காத்திருந்ததே ஒருவர்தான்.
அடைக்கலம், ஐம்பத்தாறு, ரைஸ் மில்.
புருவத்தில், காது மடலில் தவிட்டுத் தூசி.
"ஒரு ஊசி போடுங்க, போதும். லாரி நிக்குது."
ஒரே மூச்சில் எண்ணுங்கள், விடாமல், என்றேன்.
நெஞ்சை நிமிர்த்தி
"லாபம்," என்றார்,
"ரெண்டு, மூணு, நாலு..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.
முப்பது வருடம் மூட்டை எண்ணிய வாய்,
ஒன்று என்கிற சொல்லை அது பழகவே இல்லை.
ஒன்பதில் மூச்சு அறுந்தது.
கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது.
முதுகில் வைத்துக் கேட்டால்
சாத்தாத கதவிடுக்கில் காற்று நுழைகிற விசில்.

இ.சி.ஜி. மெஷினுக்கு பாங்க் மேனேஜர் இன்னும் மனசு வைக்கவில்லை.
நெபுலைசர் இருந்தது, புத்தம் புதுசு.
மாஸ்க்கை மாட்டிவிட்டுப் பத்து நிமிடம்
இருவரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
வெளியே லாரிக்காரன் ஹாரனில் கையை எடுக்கவில்லை.
மறுபடியும், என்றேன்.
லாபத்தில் தொடங்கிப் பதினேழுக்குப் போனார்.
"பதினேழா?" என்று அவரே கேட்டுக்கொண்டார்,
யாரோ கணக்கில் கூட்டி எழுதிவிட்ட மாதிரி.

எக்ஸ்ரே எடுக்கணும், இன்ஹேலர் தினமும் இழுக்கணும்,
மூக்குக்குத் துணியாவது கட்டணும்,
ஐந்தாம் நாள் வரணும்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
ஊசி போடாததற்கு ஐம்பதைக் கழித்துக்கொண்டு
நூறு ரூபாயை மேஜையில் வைத்தார்.
ஆரோக்கியமேரி நோட்டில் வரவு எழுதினாள்.
வாடகை ஆறாயிரம், தவணை பதினெட்டாயிரம்.
எதிர்ப் பக்கத்தை நான் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வரவில்லை. ஆறாம் நாளும்.
வார்டு என்றால் காலை ரவுண்ட்ஸில் கட்டில் இருக்கும்,
கட்டிலில் ஆள் இருப்பார்,
இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேஸ் ஷீட்டில் இருக்கும்.
இங்கே வாசல்படி தாண்டினால்
அவர் நோயாளி இல்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் பூட்டிவிட்டு
மில் பக்கமாகப் போனேன்.
வேறு வழியும் இருந்தது.
நெல் அவிக்கும் ஆவி. பறக்கிற உமிச் சாம்பல்.
மதிலுக்கு அந்தப் பக்கம் மூட்டை விழும் சத்தம்,
அதன் மேல் ஒரு குரல்:
லாபம்.

ஸ்கூட்டரை அணைத்தேன்.
மூட்டைக்கு மூட்டை இடைவெளி இருக்கும்,
அதற்குள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்,
இது ஒரு பரிசோதனையே இல்லை, தெரியும்.
ஒரு காலை ஊன்றியபடி
கூடவே எண்ணினேன்.
ஏழு. எட்டு. ஒன்பது.
பத்து.
பதினொன்றில் அறந்தாங்கி பஸ் குறுக்கே வந்து
நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றது.