மூன்றாம் மாடியில் யாரோ ரொட்டி கருக்கிய இரவு

தாஸ்தர் என்போம்.
தோளில் தொடங்கிக் கணுக்கால்வரை ஒரே தொளதொளப்பு.
பெக்கலோங்கான் சந்தையில் மூன்றாக எடுத்தால் விலை குறையும்.
நான் ஏழு எடுத்துக்கொண்டு
அபர்டீனுக்கு வந்தேன்.

காலில் கம்பளிக் காலுறை, உள்ளே தெர்மல்,
அதன்மேல் இது.
பார்சல் கொண்டுவரும் பையன் முதல் நாள்
வீட்டில் நோயாளியோ என்பதுபோல் பார்த்தான்.
இப்போது கையெழுத்து வாங்கும்போது சொல்கிறான்:
"இன்றைக்குப் பச்சையா."

இதிலிருப்பது பராங்.
சாய்ந்து சாய்ந்து இறங்கும் கத்தி வரிசை.
ஒரு காலத்தில் அரண்மனைக்கு வெளியே
எவரும் உடுத்தக் கூடாதாம்.
என் முழங்காலருகே இரண்டு கத்திகளுக்கு நடுவில்
கானாங்கெளுத்தி பொரித்த எண்ணெய்.
அக்குளில் கிழிசல்.
கிழிந்த பிறகுதான் இது உடம்புக்குப் படிகிறது,
இதைப் போய் யாரிடம் சொல்ல.

கையால் மெழுகிட்ட நல்லவை இரண்டு
பாலித்தீன் உறைக்குள் தொங்குகின்றன,
விருந்துகளுக்கென்று.
நான்கு வருடத்தில் ஒரே ஒரு விருந்து.
மண்டபத்தில் ஹீட்டர் பழுது.
கோட்டைக் கழற்றவே இல்லை யாரும்.

ஸேனோவுக்குப் பதினான்கு.
"ஸ்கூல் வாசலுக்கு மட்டும் இதோட வராதே, மா.
நைட்டியில வந்த மாதிரி இருக்கு."
நைட்டிதானே, என்றேன்.
கதவைச் சாத்திக்கொண்டான்.
மெதுவாகத்தான்.

பிப்ரவரி. ராத்திரி இரண்டு நாற்பது.
கட்டடத்தின் தீ மணி அலறியது.
ஹந்தோகோ கடலில், எண்ணெய் மேடையில்,
கரைக்கு வர இன்னும் ஒன்பது நாள்.
நான் எடுத்தது: சாவி. குழந்தை.
குழந்தையைக் கட்டும் ஜாரிக்.
பாஸ்போர்ட் ஞாபகம் வந்தபோது
இரண்டு மாடி இறங்கியாயிற்று.

கார் நிறுத்தத்தில்
எல்லாரும் அவரவர் ராத்திரியோடு நின்றார்கள்.
திருமதி கெட்டஸ் குளியல் அங்கியில், தலை நிறையச் சுருட்டுக் கிளிப்புகள்.
எதிர்வீட்டு வங்கிக்காரரின் கால்சட்டையில்
பன்றிக்குட்டிகள் பறந்துகொண்டிருந்தன.
இந்த ஊருக்கு வந்து முதல் முறையாக
நான் உடுத்தியிருந்தது
சந்தர்ப்பத்துக்குப் பொருத்தம்.

ஜாரிக்கில் மெகா மெண்டுங்:
சுருள் சுருளாய் நீல மேகம்,
ஒன்றுக்குள் ஒன்றாய் ஏழு கரை.
உள்ளே ரெங்கானிஸ் விழிக்கவே இல்லை.
ஸேனோ வெறுங்காலில், அரைக்கால்சட்டையில்,
பற்கள் தந்தியடிக்க,
குளிரவில்லை என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஜாரிக்கின் நீள முனை என் முதுகில் தொங்கியது.
கொஞ்ச நேரம் கழித்து அது இழுபட்டது.
பிறகு இன்னும் கொஞ்சம்.
திரும்பினால் விட்டுவிடுவான்.
வங்கிக்காரரின் பன்றிக்குட்டிகளை எண்ணினேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், ஏறினார்கள், இறங்கினார்கள்.
மூன்றாம் மாடியில் யாரோ
ரொட்டி கருக்கியிருக்கிறார்கள்.
திரும்ப ஏறும்போதும்
படிக்கொரு தரம் முதுகில் அந்தச் சிறு வெட்டு.

வெள்ளிக்கிழமை ஹந்தோகோ திரையில் வந்தார்.
ஆரஞ்சு மேலுடையின் ஸிப்பைச் சற்று இறக்கிக் காட்டினார்.
உள்ளே பாத்திக் சட்டை.
அங்கே ஊரில் அன்றைக்கு அலுவலகமெல்லாம் பாத்திக்.
இவர் வடகடல் நடுவில்
ஹெல்மெட்டோடு.
"யாரு பார்க்கப் போறாங்க?"
"யாருமில்ல. காலர் அறுக்குது."
"ஸேனோ பயந்தானா?"
"குளிரல்லைன்னு சொன்னான்."
சிக்னல் உடைந்து அவர் சிரிப்பு
வாயில்லாமல் கொஞ்ச தூரம் வந்தது.

ஹீட்டர்மேல் ஜாரிக் காய்கிறது.
ஒரே ஒரு மேகத்தில் மட்டும்
கார் நிறுத்தத்துச் சேறு போகவில்லை.

சனிக்கிழமை அவனுக்குப் பள்ளி மைதானத்தில் கால்பந்து.
எதில் வரட்டும் என்று கேட்டிருக்கலாம்.
கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு
கோட்டோரம் போய் நின்றேன்.
கீழே ஒரு சாண் கத்தி தெரிந்தது.

அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.