பதினெட்டுப் பாகை

வெளியில் முப்பத்தைந்து.
கச்சான் காற்று கல்லடிப் பாலத்தில்
குடைகளை மறுபக்கம் புரட்டுகிற ஓகஸ்ட்.
நான் கம்பளி நூலில் சொக்ஸ் பின்னுகிறேன்.

சிரியுங்கள்.
டெஸ்மன் சிரித்து முடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை மட்டும் பதினெட்டுப் பாகை.
குளிர் மெஷினுக்குத்தான், மனிசருக்கில்லை.
எட்டு மணித்தியாலம் அதற்குள் நிற்கிறவளின்
கால்விரல் பத்தும் நீலம்
என்று காரணம் சொல்லித்தான்
முதல் உருண்டையை வாங்கினேன்,
காத்தான்குடியில், நழீமின் கடையில்,
குழந்தைத் தொப்பிக்கென்று தொங்கிய ரோஸ் அக்ரிலிக்.
முந்நூற்று எண்பது ரூபா.
போட்ட அன்றே கால் சொறிந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றுக்குக்
குளிர் பொறுப்பல்ல.

ஒஸ்லோ மச்சாள் அனுப்பிய மெரினோ, உருண்டை இரண்டு,
பாசிப் பச்சைக்கு நடுவில் மாங்காய் மஞ்சள்.
அன்பளிப்பு என்று பெரிதாக எழுதியிருந்தும்
தபால் கந்தோரில் இரண்டாயிரத்து அறுநூறு கட்டினேன்.
மூங்கில் ஊசி ஐந்து, இரட்டை முனை,
நாலாயிரத்து இருநூறு.
மூன்றாம் நாள் அதில் ஒன்றின் மேல்
டெஸ்மன் இருந்தார்.

புளியந்தீவுச் சைக்கிள் கடையில்
சில்லுக் கம்பி ஐந்து கேட்டேன்.
"எந்த சைக்கிளுக்கு, மிஸ்?"
"காலுக்கு."
அந்தப் பெடியன் வேறொன்றும் கேட்கவில்லை.
அரம் போட்டு, முனை தீட்டி, முந்நூறு.
இன்றுவரை வளையாதவை அந்த ஐந்தும்தான்.
இருந்தும் உருக்கில் வட்ட ஊசி ஒன்று எடுப்பித்தேன்.
அதன் விலை டெஸ்மனுக்குத் தெரியாது.
உங்களுக்கும் வேண்டாம்.

கணக்குக் கொப்பியில்
இடப்பக்கம் வரவு, வெள்ளை வெளேரென்று.

குதிக்கால் திரும்புகிற இடம் எனக்குப் பிடிக்கும்.
குழாயாய் நேரே இறங்கி வந்தது
கண்ணி குறைந்து, கண்ணி கூடி
திடீரென்று ஒரு கிண்ணமாகும்.
வெறும் நூலுக்கு
நடக்கிற திசை தெரிந்துவிடும்.
அதை ஒருதரம் பார்த்த பின்
அதையே மற்றக் காலுக்கும் பின்ன
ஏனோ கை போவதில்லை.
அலுமாரியில் இப்போது பதினொரு ஒற்றை.
"தரகரைக் கூப்பிடவா?" என்பார் டெஸ்மன்.

சீனித்தம்பி வாழைச்சேனை,
கடதாசி ஆலை மூடும்வரை அங்கேதான் வேலை.
பெயரில் இருந்த சீனி இரத்தத்துக்கும் போய்
இடக்காலை முழங்காலோடு கொண்டுபோயிருந்தது.
வயிற்றுப் படம் எடுக்க மேசை உள்ளே நகர,
வெளியே நின்ற கால்
குளிரில் வெடவெடவென்று ஆடியது.
ஆடினால் படம் கலங்கும்.
கலங்கினால் திரும்ப எடுக்க வேண்டும்.
வாசலில் இன்னும் பதினாறு பேர்.

பைக்குள் அன்று முடித்த பச்சை இருந்தது.
மாட்டினேன்.
"மூச்சைப் பிடியுங்கோ."
பிடித்தார்.
"விடுங்கோ."

எழுந்ததும் முதலில் பார்த்தது காலைத்தான்.
"மற்றது எங்க?"
இன்னும் பின்னவில்லை என்று வாய் தவறிச் சொன்னேன்.
மேசை குலுங்கச் சிரித்தார்.
"பின்னாத புள்ள. எனக்கு ஒண்டு காணும்.
விலை என்ன?"

நூலில் பாதி, சுங்கத்தில் பாதி,
உடைந்த மூங்கில், சில்லுக் கம்பி,
பதினாறு இரவு.
மனக்கணக்கு ஆயிரங்களில் ஏறிக்கொண்டிருக்க
"நூறு" என்றேன்.
"எண்பது தாறன்."
பேரம் பேசுகிற முகத்தில்
நோயாளி இல்லை.

அன்றிரவு இடப்பக்கத்தில் எழுதினேன், எண்பது,
அடியில் இரண்டு கோடு போட்டு.

போகும்போது கதவடியில்
சக்கர நாற்காலியைத் திருப்பிச் சொன்னது இது:
"ஒக்டோபர்ல திரும்ப வரச் சொல்லியிருக்கு.
நீலத்தில ஒண்டு. எழுவத்தஞ்சு."

வீட்டில் நீலம் மூன்று உருண்டை கிடக்கிறது.
மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ம்ஹூம்.
இந்த நீலமில்லை.