இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு

மன்னார்குடியில் நகைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
பதினான்கு வருடமாய் அணையாத ஒரு ரவுட்டர்.
அதற்கு முதலாளி கலியமூர்த்தி.
அதைத் திட்டுவதற்குச் சம்பளம் வாங்குவது நான்.

பெட்டிக்கு எண்ணத் தெரியும்,
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து வரை.
உலகத்தில் அதற்கு மேல் யாரும் பிறக்க மாட்டார்கள் என்று
யாரோ எப்போதோ கணக்குப் போட்டது.
பிறந்துவிட்டால்
எல்லோருக்கும் ஒரே பேர்: 23456.
மேசையில் விரல்களை வரிசையாய்த் தட்டி
யோசிக்காமல் வைத்த பேர் மாதிரி.

சித்திரையில் நீடாமங்கலத்து ஷமீமா வந்தாள்.
சொந்த நெட்வொர்க், சொந்த எண், ஆறு இலக்கம்.
எண் வந்த கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருந்தாள்.
கேபிளைச் செருகித் திரையைப் பார்த்தேன்.
23456.
ஆனியில் திருத்துறைப்பூண்டி எட்வின்.
அவனும் ஆறு இலக்கம்,
அவனும் 23456.
"சார், பெட்டிக்கு ரெண்டு பேரும் ஒரே ஆள்."
"லைன் ஓடுதுல்ல?"
ஓடியது.

புரட்டாசி, குறுவை அறுப்பு.
எட்வின் ஒரு வரியைத் தப்பாய் அடித்து
யார் யார் பாதையையோ
தன் பாதை என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டான்.
பாதித் தூக்கத்தில் நான் ஒரே ஒரு வரி எழுதினேன்:
23456 வந்தால் உள்ளே விடாதே.

திருத்துறைப்பூண்டி அடங்கியது.
நீடாமங்கலமும் அடங்கியது.

மூணாறு தலைப்பில் கோரையாற்றை மட்டும் நிறுத்தப் போய்
வெண்ணாறு, பாமணி எல்லாவற்றுக்கும்
ஷட்டரை இறக்கிய மாதிரி.
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
கொள்முதல் நிலையத்தில் கைரேகை மெஷின்
எந்தக் கட்டைவிரலையும் ஏற்க மறுத்தது.
மூட்டைக்கு மேல் தூறல்.
நாற்பது நிமிடம்.
ஷமீமா போனில் கத்தவில்லை.
"அக்கா, நான் என்ன பண்ணேன்?" என்றாள்.

பிறகுதான் பட்டியல் போட ஆரம்பித்தேன்.
பில் போடும் மென்பொருளில் எண்ணுக்கு ஐந்து கட்டம்;
ஆறாவது இலக்கத்தை அது சத்தமில்லாமல் விழுங்கும்.
பாதைகளுக்கு ஒட்டும் குறிச்சீட்டில்
எண்ணுக்கு ஒதுக்கியது பாதி இடம்;
அவள் எண் அந்தப் பாதியில் படுக்காது.
ஐந்துக்கு மேல் இலக்கமே கிடையாதென்று நம்பி
ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தார்கள்.
யார் எழுதியது என்று பார்த்தேன்.
நான்.

தேடும்போது இன்னொன்றும் தெரிந்தது.
உண்மையான எண்கள் தொலையவே இல்லை.
ஒவ்வொரு பாதையோடும் மூடிய உறை ஒன்று வருகிறது,
உள்ளே முழு எண்.
எங்கள் கிழட்டுப் பெட்டிக்கு அதைப் படிக்கத் தெரியாது.
ஆனால் புரியாததைப் பிரிக்காமல்
அப்படியே அடுத்தவனிடம் கொடுத்துவிடத் தெரியும்.
இத்தனை நாளும்
ஷமீமாவின் பேரைச் சொல்லத் தெரியாமலே
சென்னை வரைக்கும் சுமந்திருக்கிறது.
அன்று அதைத் திட்டவில்லை.

ஐப்பசி. இரவு இரண்டு பத்து. வெளியே அடைமழை.
ஜெனரேட்டரில் டீசலை இரண்டு தடவை பார்த்தாயிற்று.
புது மென்பொருளை ஏற்றி
பெட்டியை அணைத்தேன், பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக.
மின்விசிறிச் சத்தம் நின்றதும்
கலியமூர்த்தி நாற்காலியில் விழித்துக்கொண்டார்.
ஏழு நிமிடம் இருவரும் பேசவில்லை.
பச்சை விளக்கு ஒன்று. அப்புறம் இன்னொன்று.
பாதைகள் வர ஆரம்பித்தன, ஆயிரம் ஆயிரமாய்.

நீடாமங்கலம்: ஆறு இலக்கம், முழுசாக.
திருத்துறைப்பூண்டி: வேறு ஆறு இலக்கம்.
கீழே போகப் போக
இத்தனை வருடம் நான் ஒரே ஆள் என்று நினைத்தவர்கள்
தனித்தனியே வந்து நின்றார்கள்.
யார் யார் என்று தெரியாது. எண்ணிப் பார்க்கவும் இல்லை.

"ஓடுதுல்ல?" என்றார்.
"ஓடுது சார்."

ஒரு வரியில் மட்டும் இன்னும் 23456.
வழியில் எங்கோ, யாரோ உறையைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள்.
பலகையில் எழுதி வைத்தேன்:
இது யார், காலையில் கேட்க வேண்டும்.