எழுபத்திரண்டில் ஒன்று

பெட்டியில் வந்த இருக்கை
ஒரே வார்ப்பு, தேய்ந்த சோப்புத் துண்டு போல.
வார் இல்லை, கொக்கி இல்லை.
விமானி உட்கார்ந்தால் வழுக்கி விழுவான்.
அதனால்தான் ஆரம்பித்தேன்.

சர்க்கரை மாத்திரை அட்டையின் பின்தாள்
தோள் வார்.
போன் சார்ஜர் வயரைப் பிரித்ததில்
மயிரிழைச் செம்பு ஒன்று, கொக்கிக்கு.
காலாவதியான அடையாள அட்டையை அறுத்து
அறுத்துத் தலைசாய்ப்பு.
மூக்கிலிருந்து நீளும் காற்றுக்குழாய்க்கு
இன்சுலின் ஊசி. முனையை அரத்தில் தேய்த்தேன்.
இனி அது யாரையும் குத்தாது.

பகலில் நான் பல் செய்கிறேன்.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால், மாடியில் லேப்.
கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளம்
என் விரலுக்கு மனப்பாடம்.
இரவு ஒன்பதுக்கு மேல் அதே விளக்கு, அதே லென்ஸ்,
அதே துரப்பண முனை,
மிக் இருபத்தொன்று.
ஜூன் மாதம். ஜன்னல் வழியே
மாம்பழக்கூழ் ஆலையின் வாடை வந்து
தின்னரோடு கலந்து தலை சுற்றும்.

விமானி அறைக்கு அடிக்க வேண்டிய நிறம்
பச்சையும் இல்லை நீலமும் இல்லை.
மூன்று இரவு கலக்கினேன், வரவில்லை.
ராயக்கோட்டை சாலையில் பூட்டியே கிடக்கும்
ஒரு ஜெராக்ஸ் கடை ஷட்டரில் இருந்தது அது.
பஸ்ஸை விட்டிறங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
"கடை தொறக்க மாட்டாங்க" என்றார் பக்கத்துப் பூக்காரர்.
தெரியும் என்றேன்.

இரு முழங்காலுக்கும் நடுவே
ஒரு சிவப்பு வளையம் வேண்டும்.
நிஜத்தில் உள்ளங்கை அகலம்,
எனக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர்.
இழுத்தால் கூரை பறக்கும், இருக்கை பறக்கும்,
வானத்தில் ஆள் தனியாக இருப்பான்.
வாழ்நாளில் ஒருமுறை இழுப்பது.
இழுக்காமலே பென்ஷன் வாங்கினால் உத்தமம்.

முதல் வளையம் இடுக்கியில் நசுங்கியது.
இரண்டாவது, சிவப்பு காய்ந்ததும்,
துள்ளியது.
விழுந்த சத்தம்கூட இல்லை.
டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து
கன்னத்தையும் தரையில் படுக்கவைத்துத் தேடினேன்.
பிளாஸ்டர் தூள். எறும்பு. யாருடையதோ ஒரு வெட்டுப்பல்.
மூன்றாவதைச் செய்து ஒட்டினேன்.

வியாழக்கிழமை காவேரிப்பட்டணத்திலிருந்து
டாக்டர் நஸ்ரத் போன்:
"நீங்க அனுப்புன கடைவாய்ப் பல்லுல
செவப்பா என்னமோ இருக்கே, ரத்தமா?"
பீங்கானுக்கு ஏது ரத்தம் என்று வாயெடுத்தேன்,
அதற்குள் புரிந்துவிட்டது.
"பேஷன்ட் சேர்ல உக்காந்திருக்காரு" என்றார்.
ஒரு நொடி நிஜமாகவே பயந்தேன்.
"இழுத்துடாதீங்க!"
"என்னது?"
"துடைச்சுடாதீங்க மேடம். பஞ்சுல வெச்சு அனுப்புங்க."

ஐந்தரை மணி பஸ்ஸில், காலி அச்சுப் பெட்டிகளோடு,
பஞ்சுக்குள் சாய்ந்தபடி வந்தது.
முனிரத்தினம் லென்ஸில் பார்த்துவிட்டு
"இதுக்கா?" என்றான்.
பிறகு இன்னொரு முறை பார்த்தான்.

மூன்றாவதைவிட இதில் வட்டம் சரியாக இருக்கிறது.
ஆனால் மூன்றாவதைப் பெயர்த்தால் வாரும் கிழியும்.
உடலின் இரு பாதிகளையும் சேர்த்துவிட்டால்
இரண்டில் எது உள்ளே என்று யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும், அதுதான் தொல்லை.

விமானி வைப்பதாக இல்லை.
முகம் எனக்கு வராது. பல் வரும்.
வந்தென்ன, அவன் வாயை முகமூடி மறைத்திருக்குமே.

கண்ணாடிக் கூரையை இன்னும் ஒட்டவில்லை.
பஞ்சு மேசைமேல் இருக்கிறது.
மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறேன்,
வியர்க்கிறது.